கம்பத்தில் ஏறுகிறவர்களைப் பற்றிப் பேசுவோம்

டெல்டாக்காரன் (பட்டுக்கோட்டை)

மின்சாரம் என்று பேச்செடுத்தால் யூனிட் விலை, ரெண்டு மாத பில், நூறு யூனிட் இலவசம், ஸ்மார்ட் மீட்டர் எல்லாம் வரும். கம்பத்தில் ஏறி இறங்குகிற ஆளைப் பற்றிப் பேச்சு வருவது ரெண்டே சமயத்தில்தான். கரண்ட் போனால் திட்டுவதற்கு, புயல் அடித்தால் கும்பிடுவதற்கு. இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற சாதாரண நாட்களைப் பற்றி இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு 2018 நவம்பர் 16 மறக்காது. அன்று அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பும் இல்லை, கம்பமும் இல்லை. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. எட்டு மீட்டர் சிமென்ட் கம்பம் ஒன்று முந்நூறு கிலோவுக்குக் குறையாது. அதில் ஒன்றரை மீட்டர் அளவுக்கு மண்ணுக்குள் போக வேண்டும். ரோட்டோரம் என்றால் கிரேன் தூக்கி நிறுத்திவிடும். நடவு வயலுக்குள் கிரேன் எங்கே வரும்? கம்பத்துக்குக் கயிறு போட்டு, குறுக்கே கழி கொடுத்து, தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் வரப்பு தேடித் தேடி நடந்தார்கள். மற்ற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்து எழுந்தார்கள். முதலில் கோபத்தில் மறியல் செய்த ஊர்களும் உண்டு. அதே ஊர்களில் அப்புறம் அண்டா வைத்து அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டதும் உண்டு. அந்தச் சீரமைப்பு வேலையில் ஊழியர்கள் சிலர் உயிரையும் விட்டார்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். அவர்களை நாம் வீரர்கள் என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். ஒரு வேலையை வீரம் என்று சொல்லப் பழகிவிட்டால், அதில் சாவு வரும்போது 'அந்த வேலையே அப்படித்தான்' என்று மனசு சமாதானம் ஆகிவிடுகிறது. கம்பத்தில் ஏறியவர் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மின்வாரியம் என்ன செய்ய வேண்டும், நாம் என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இரவுப்பணி (செவிலியர்)

நல்ல இழை அண்ணா. நான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கிறதே, கரண்ட் போனால் என்ன என்று நினைப்பார்கள். பிரசவ அறைக்கு ஒரு வழி பண்ணிவிடுவோம். தடுப்பூசி வைக்கிற பெட்டிதான் கவலை. பெரும்பாலான ஊசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஐஸ் சுவர் இருப்பதால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் குளிர்பெட்டியில் ஐஸ் பேக் வைத்து வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்று தெரிந்தால்தான் மாற்றலாமா, காத்திருக்கலாமா என்று முடிவெடுக்க முடியும். எங்கள் பிரிவு லைன்மேனிடம் போன் போட்டுக் கேட்டால், 'அக்கா, கம்பி அறுந்திருக்கு, இன்னும் மூணு மணி நேரம் ஆகும்' என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தை எங்களுக்குப் பெரிய உதவி.

வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்து மூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்சுலின் வைத்திருக்கிற குடும்பங்கள் எத்தனையோ. ஊர்த் தண்ணீர்த் தொட்டி நிரம்ப மோட்டார் ஓட வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். கஜா சமயத்தில் பஞ்சாயத்துகள் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் குடிதண்ணீர் ஏற்றின. ரெண்டாம் நாள் செல்போன் டவரும் படுத்துவிட்டது. வெளிச்சம் போனதைவிடத் தண்ணீர் போனதுதான் பெண்களை அதிகம் அலைய வைத்தது.

மேடவாக்கம் வாசி

எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கமாகவே எழுதுகிறீர்கள். எங்கள் தெருவில் சாய்ந்த கம்பத்தை மாற்றக் கேட்டு எத்தனையோ முறை நடந்தோம். ஒருவர் வந்து 'பசங்களுக்கு ஏதாவது கவனிச்சிடுங்க' என்றார். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. பணம் கொடுத்த பிறகுதான் கம்பம் வந்தது. இந்த அனுபவம் உள்ளவனிடம் போய் லைன்மேனை மதி என்றால் எப்படி? மழை வந்தால் அரை மணி நேரத்தில் போட வேண்டிய கரண்டை நாலு மணி நேரம் கழித்துப் போடுகிறார்கள். கேட்டால் எடுத்தெறிந்து பேச்சு. மரியாதை ரெண்டு பக்கமும் வேண்டும்.

ஓய்வுபெற்ற எல்.ஐ. (திருவாரூர்)

நான் வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேன், லைன்மேன், லைன் இன்ஸ்பெக்டர் என்று படிப்படியாக வந்து ஓய்வு பெற்றவன். மேடவாக்கம் தம்பி சொன்ன பணம் கேட்கிற விஷயம் உண்மை, அது தப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுப்பதுதான் வழி, தயங்காமல் கொடுங்கள். ஆனால் 'அரை மணி நேர வேலை' என்றீர்களே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதினோராயிரம் வோல்ட் லைனில் ஒரு ஜம்பர் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்துக்கு ரெண்டு பக்கமும் வந்து முடிகிற கம்பிகளை இணைக்கிற சின்னத் துண்டுதான் ஜம்பர். புதுசு போட்டு இறுக்கப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் என்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள்.

முதலில் துணைமின் நிலையத்தில் எல்.சி. கேட்க வேண்டும். லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி. அங்கே இருக்கிற ஆபரேட்டர் அந்த ஃபீடரின் (அங்கிருந்து உங்கள் பகுதிக்குப் போகிற லைனின்) பிரேக்கரை, அதாவது பெரிய சுவிட்சை, ஆஃப் செய்து, லைனைத் தனியாகப் பிரிக்கிற ஐசோலேட்டரைத் திறந்து, எர்த் போட்டு (லைனை மண்ணோடு இணைத்து), 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று பலகை மாட்டி, நேரத்தோடு ரிஜிஸ்டரில் எழுதி, எல்.சி. நம்பர் கொடுப்பார். நம்பர் கைக்கு வந்ததும் ஏறிவிடக் கூடாது. வேலை நடக்கிற இடத்துக்கு முன்னால் இருக்கிற ஏபி சுவிட்சை, அதாவது கம்பத்தின் மேலே லைனைப் பிரிக்கிற சுவிட்சை, திறக்க வேண்டும். அதில் மூன்று பிளேடு. கீழே கைப்பிடியை இழுத்துவிட்டால் மூன்றும் திறந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. துரு பிடித்து ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கும். அண்ணாந்து பார்த்து மூன்றும் பிரிந்திருக்கிறதா என்று கண்ணால் உறுதி செய்ய வேண்டும். இருட்டில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

அப்புறம் எர்த் ராடு, லைனை மண்ணோடு இணைக்கிற கொக்கிக் கோல். முதலில் மண் பக்கத்துக் கிளாம்பை மாட்டி, பிறகுதான் கொக்கியைக் கம்பியில் போட வேண்டும். எடுக்கும்போது அப்படியே தலைகீழ்: கம்பி முதலில், மண் கடைசியில். வரிசை மாறினால் ராடைப் பிடித்திருக்கிற கையே பாதையாகிவிடும். வேலை செய்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் இப்படி எர்த் போட வேண்டும், ஏனென்றால் கரண்ட் துணைமின் நிலையத்திலிருந்து மட்டும்தான் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பக்கத்தில் இன்னொரு லைன் ஓடினால் அதன் தூண்டலிலேயே செத்த லைனில் அடிக்கும். ஒரே கம்பத்தில் ரெண்டு ஃபீடர் போகிற இடங்கள் உண்டு. கீழ் ஃபீடருக்கு எல்.சி. வாங்கிவிட்டு, மேலே இருப்பது உயிரோடு இருப்பதை மறந்து நிமிர்ந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ஆட்கள் இன்று இல்லை.

வேலை முடிந்தால் ஆளை எண்ண வேண்டும், சாமான் எண்ண வேண்டும், எர்த்தை எடுக்க வேண்டும். எல்.சி. வாங்கியவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு யாரும் கொடுக்கக் கூடாது. இதில் எந்தப் படியையும் 'சரி பரவாயில்லை' என்று தாண்டக் கூடாது. ஆனால் தாண்ட வைப்பது எது தெரியுமா? 'இன்னும் எவ்வளவு நேரம்யா?' என்று நிமிஷத்துக்கு ஒரு போன். கம்பத்தடியில் நின்று சத்தம் போடுகிற பத்துப் பேர். அவசரப்பட்டால் முதலில் விட்டுப்போவது எர்த் ராடுதான்.

இன்னொன்று. எங்கே பழுது என்று தெரிந்தால்தான் மேலே சொன்னதெல்லாம். மழையில் ஃபீடர் டிரிப் ஆனால் (தானாக நின்றுவிட்டால்) பழுது எந்தக் கம்பத்தில் என்று யார் சொல்வார்கள்? கம்பியைக் கம்பத்தில் தாங்குகிற இன்சுலேட்டரில் மயிரிழை விரிசல் இருந்தால் வெயிலில் ஒன்றும் தெரியாது, நனைந்தால் மட்டும் டிரிப் அடிக்கும். லைனைப் பாதி பாதியாகப் பிரித்து சார்ஜ் பண்ணி, அதாவது கரண்ட் கொடுத்துப் பார்த்து, எந்தப் பாதியில் அடிக்கிறதோ அதில் நடந்து போய்த் தேட வேண்டும். வயல், வாய்க்கால், முள்ளுக்காடு எல்லாம் அதில் அடக்கம். உங்கள் நாலு மணி நேரத்தில் மூன்றரை மணி நேரம் இந்தத் தேடல்தான்.

ஒயரிங் கடை (மன்னார்குடி)

ஐயா சொன்னதில் 'துணைமின் நிலையத்திலிருந்து மட்டும்தான் கரண்ட் வரும் என்று உத்தரவாதம் இல்லை' என்ற வரியை நான் இன்னும் விரித்துச் சொல்ல வேண்டும். இது எங்கள் ஆட்கள் செய்கிற பாவம், நேரடியாகவே சொல்கிறேன்.

கல்யாண மண்டபம், ரைஸ் மில், ஐஸ் பிளான்ட், சில வீடுகள் எல்லாவற்றிலும் ஜெனரேட்டர் இருக்கிறது. முறையாகச் செய்தால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட வேண்டும். அது ஒரு நேரத்தில் ஈபி, அல்லது ஜெனரேட்டர், ரெண்டில் ஒன்றைத்தான் இணைக்கும். நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கிற சுவிட்சாக இருக்க வேண்டும். சிலர் செலவு மிச்சம் என்று அதைப் போடாமல், மெயினை ஆஃப் பண்ணிவிட்டு ஜெனரேட்டர் வயரை நேரே போர்டில் சொருகுகிறார்கள். மெயினை ஆஃப் பண்ண ஒருநாள் மறந்தால் போதும். ஜெனரேட்டர் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாகத் தெருக் கம்பத்துக்குப் போய், அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மருக்கு எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று தெரியாது. இந்தப் பக்கம் 230 வோல்ட் நுழைந்தால் அந்தப் பக்கம் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி வெளியே வரும். எல்.சி. வாங்கி, செத்த லைன் என்று நம்பித் தொட்டவர் மேல் அது பாயும். அவர் யார் என்றே ஜெனரேட்டர்காரருக்குத் தெரியாது. ஜெனரேட்டர்காரர் வீட்டில் ஃபேன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

கஜா நேரத்தில் மாவட்டம் முழுக்க வாடகை ஜெனரேட்டர். அவசரத்தில் இழுத்த வயர்கள் எப்படி இருந்தன என்று நான் பார்த்திருக்கிறேன். எர்த் போடாமல் ஏறாதீர்கள் என்று அந்த ஐயா சொல்வது எவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சூரியகாந்தி

அப்படியானால் மாடியில் சோலார் வைத்திருக்கிறவர்கள்? பகல் முழுக்க கரண்ட் உற்பத்தி ஆகிறதே, அதுவும் லைனுக்குப் போகும்தானே?

ஒயரிங் கடை (மன்னார்குடி)

நல்ல கேள்வி. ஈபி லைனோடு இணைந்த ஆன்-கிரிட் சோலாரின் இன்வெர்ட்டர், ஈபி போனதும் தானாக நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. 'வெயில் சுள்ளென்று அடிக்கிறது, மாடியில் பேனல் இருக்கிறது, கரண்ட் போனால் எனக்கும் ஏன் போகிறது' என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். லைன்மேன் உயிருக்காகத்தான் அது நிற்கிறது என்று சொல்லிப் புரிய வைப்பேன். அதை ஏமாற்றி ஓட வைக்க 'ட்ரிக்' கேட்கிறவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை.

மேடவாக்கம் வாசி

எல்.ஐ. ஐயாவுக்கு நன்றி, எல்.சி. விஷயம் இவ்வளவு விவரமாக எனக்குத் தெரியாது. லஞ்சம் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. இன்னொரு சந்தேகம். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எங்களுக்குக் கம்பமும் விழவில்லை, கம்பியும் அறுந்துபோகவில்லை. எங்களுக்குக் கரண்ட் வருவது பெரும்பாலும் தரைக்கடியில் கேபிளில்தான். அப்புறம் ஏன் போடவில்லை?

ஓய்வுபெற்ற எல்.ஐ. (திருவாரூர்)

தரைக்கடியில் கேபிள் என்றாலும் அது ஒரு இடத்தில் மேலே வந்து பிரிய வேண்டும். தெருமுனையில் சாம்பல் நிறத்தில் இரும்புப் பெட்டி நிற்குமே, பில்லர் பாக்ஸ், அதற்குள்தான் உங்கள் வீட்டு ஃப்யூஸ் இருக்கிறது. பெட்டி பாதி தண்ணீருக்குள் இருக்கும்போது சார்ஜ் பண்ணினால் அந்தத் தெருத் தண்ணீரில் இறங்குகிறவர் கதி என்ன? அதனால்தான் வேண்டுமென்றே நிறுத்தி வைப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் உடனே போட முடியாது. பெட்டியைத் திறந்து, சேற்றைக் கழுவி, காய வைத்து, கேபிளை டெஸ்ட் பண்ணி, ஒவ்வொரு தெருவாகத்தான் கொடுக்க முடியும். அந்தச் சேற்றில் கை விட்டுத் துடைக்கிறவரும் வயர்மேன்தான், என்ஜினியர் இல்லை.

எங்கள் பக்கம் போல மேலே போகிற லைனுக்குப் பெரும்பாலான பழுது கண்ணுக்குத் தெரியும். கேபிளில் பழுது எங்கே என்று கருவி வைத்துத் தேடித் தோண்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரமம்.

கும்பகோணத்துப் பெண்

இவ்வளவு நேரம் நிரந்தர ஊழியர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒப்பந்தத் தொழிலாளிகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் ஒரு கான்ட்ராக்டரிடம் கம்பம் நடுகிற வேலைக்குப் போனார். குழி தோண்டுவது, கம்பம் தூக்குவது என்றுதான் பேச்சு. போகப் போக 'நீதான் நல்லா ஏறுறியே' என்று கம்பத்திலும் ஏற்றினார்கள். பயிற்சி என்று எதுவும் கிடையாது. பெல்ட் கிடையாது, தென்னை மரம் ஏறுகிற கயிறு மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொள்வார். எல்.சி. வாங்கியாச்சு என்று கீழிருந்து ஒருவர் கத்துவார், அதை நம்பித்தான் ஏற வேண்டும். யாரிடம் வாங்கினார், எந்த ஃபீடருக்கு வாங்கினார் என்று கேட்கிற உரிமை தினக்கூலிக்காரனுக்கு இல்லை. ஒருநாள் ஷாக் அடித்து மேலிருந்து விழுந்தார். உயிர் பிழைத்தது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

கான்ட்ராக்டர் 'இந்த ஆள் என் மஸ்டர் ரோலில், அதாவது ஆட்கள் பதிவேட்டில், இல்லை' என்றார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. வேலை கொடுத்த அலுவலகம் 'எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, கான்ட்ராக்டரைக் கேளுங்கள்' என்றது. ஒரு வக்கீல் அம்மாதான் வழி காட்டினார். அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் 12ஆம் பிரிவு இருந்தது. கான்ட்ராக்டர் மூலம் வேலை வாங்கினாலும், யாருடைய வேலையோ அவர்களிடமே இழப்பீடு கேட்கலாம், அவர்கள் வேண்டுமானால் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது அந்தப் பிரிவு. விபத்து நடந்து ரெண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டியிருந்தது. நாங்கள் தொழிலாளர் துணை ஆணையரிடம் போட்டோம். அண்ணன் அந்தச் சைட்டில் வேலை பார்த்ததற்கு எங்களிடம் இருந்த சாட்சி, கூட வேலை செய்த பையன் போனில் எடுத்த ஒரு போட்டோ. அதில் அண்ணன் கம்பத்தில் இருக்கிறார், கீழே வேலைக்கு வந்த வண்டி நிற்கிறது. அந்தப் போட்டோ இல்லையென்றால் எங்களிடம் ஒன்றுமே இல்லை.

இந்த வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு நான் சொல்வது: வேலைக்குச் சேர்ந்த அன்றே பெயர் மஸ்டர் ரோலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தைக் கையில் வாங்காமல் பேங்கில் போடச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயம்தான், எனக்குத் தெரியும்.

டெல்டாக்காரன் (பட்டுக்கோட்டை)

சகோதரி, படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் முதல் பதிவில் 'வாரியம் என்ன செய்ய வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டேன். நீங்கள் எழுதியதில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐயா சொன்ன எல்.சி., எர்த் ராடு, ஏபி சுவிட்ச் எல்லாமே பயிற்சி பெற்றவருக்கு, 'ஏற மாட்டேன்' என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் காவல். எந்தப் பாதுகாப்பும் எழுத்தில் இல்லாத ஆளைக் கம்பத்தில் ஏற்றிவிட்டு விதிமுறை பேசிப் பயனில்லை. காலியிடங்களை நிரப்புங்கள், ஒப்பந்தத் தொழிலாளிகளை நிரந்தரம் செய்யுங்கள் என்று சங்கங்கள் பல வருஷமாகக் கேட்பதை 'அவர்கள் வழக்கமாகக் கேட்பதுதானே' என்று கடந்து போகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அது சம்பளக் கோரிக்கை மட்டும் இல்லை, உயிர்க் கோரிக்கை.

ஆழித்தேர்

பேச்சு கொஞ்சம் வேறு பக்கம் போகிறது, ஆனாலும் சம்பந்தம் உண்டு. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. ஊர்களில் தேரோட்டம் என்றால் வடம் பிடிப்பவர்களைப் பார்ப்போம், முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்ப்போம். தேருக்கு முன்னால் ஏணியோடு போகிற ஈபி ஆட்களை யாரும் பார்ப்பதில்லை. தெருவில் குறுக்கே போகிற கம்பிகளைத் தேர் வருவதற்கு முன் கழற்றி, தேர் தாண்டியதும் பின்னாலேயே மாட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு வீதி முடிந்து அடுத்த வீதிக்குத் திரும்புவதற்குள் முந்தின வீதிக்குக் கரண்ட் வந்துவிடும்.

அவர்களுக்குச் சொல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்று 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் பார்த்தோம். அப்பர் சதய விழாத் தேர் உயர்அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள், அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. சப்பரமோ, முளைப்பாரியோ, கட்அவுட்டோ எதுவானாலும் உயரமாக எடுத்துப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

இரவுப்பணி (செவிலியர்)

எங்களிடம் ஷாக் அடித்து வருகிறவர்களில் மாங்காய், முருங்கைக்காய் பறிக்கப் போனவர்கள் நிறைய. அலுமினியத் தொரட்டி. லேசாக இருக்கிறது என்று வாங்குகிறார்கள். கம்பியில் பட்டால் அவ்வளவுதான். கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியில் ஆடு கட்டுவது, கம்பத்தில் கொடி கட்டித் துணி காயப் போடுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. காட்டுப்பன்றிக்கு வேலியில் நேரே கரண்ட் கொடுக்கிறார்கள், அது பன்றியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. எல்.ஐ. ஐயா, அறுந்து கிடக்கிற கம்பியைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே தடவை தெளிவாக எழுதிவிடுங்கள், எங்கள் நிலைய வாசலில் ஒட்டிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற எல்.ஐ. (திருவாரூர்)

எழுதுகிறேன் அம்மா. கம்பி அறுந்து தரையில் கிடந்தால் உயிர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், பொறி பறக்காவிட்டாலும். கிட்டே போகாதீர்கள், மற்றவர்களையும் விடாதீர்கள். சுற்றியிருக்கிற ஈர மண்ணிலும் கரண்ட் பரவியிருக்கும், கால் அகட்டி வைத்தால் ரெண்டு காலுக்கும் நடுவே பாயும். ஏற்கெனவே கிட்டே போய்விட்டால் ரெண்டு காலையும் ஒட்டி வைத்து, தேய்த்துத் தேய்த்து விலகி வர வேண்டும். குச்சியால் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள், பச்சைக் குச்சியும் நனைந்த குச்சியும் கரண்டைக் கடத்தும். மின்னகம் 94987 94987 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். கம்பத்தில் நம்பர் எழுதியிருந்தால் அதையும் சொன்னால் ஆள் நேரே அங்கேயே வருவார், தேட வேண்டாம்.

ஃபீடரை நிறுத்தியாச்சு என்று அலுவலகம் உறுதி சொன்ன பிறகும், லைன்மேன் வந்து எர்த் போடும்வரை தொடாதீர்கள். ஒயரிங் கடைத் தம்பி சொன்ன ஜெனரேட்டர் ஆபத்து உங்களுக்கும் உண்டு.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் (அறந்தாங்கி)

வணக்கம் ஐயா. நான் ஐ.டி.ஐ. முடிக்கப் போகிறேன். 2019இல் மின்வாரியத்தில் கேங்மேன் வேலைக்கு 5,000 இடத்துக்கு அறிவிப்பு வந்தபோது எங்கள் ஊரில் அண்ணன்கள் தினமும் காலையில் கம்பம் ஏறிப் பழகினார்கள். ஐந்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும், ஆனால் கம்பம் ஏறிக் காட்ட வேண்டும். நானும் இந்த வேலைக்கு வர நினைக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு அம்மா பயப்படுகிறார். என் தங்கையும் எலக்ட்ரீஷியன் படிக்க ஆசைப்படுகிறாள். தெலங்கானாவில் பெண்கள் நீதிமன்றம் வரை போய் லைன்மேன் வேலையில் சேர்ந்ததைக் காட்டி வீட்டில் வாதாடுகிறாள். என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற எல்.ஐ. (திருவாரூர்)

வா தம்பி, தங்கையும் வரட்டும். அம்மாவிடம் சொல்: பயப்படுகிறவன்தான் இந்த வேலைக்கு வேண்டும். என்னோடு வேலை பார்த்தவர்களில் கை நடுங்குகிற புது ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள். பல வருஷம் ஏறி இறங்கி, 'இந்த லைன் எனக்குத் தெரியாததா' என்று எர்த் போடாமல் தொட்டவர்களைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். சேர்ந்த பிறகு உன் பெல்ட்டை நீயே தினமும் பார், தையல் பிரிந்திருந்தால் ஏறாதே. கிளவுஸில் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார். எல்.சி. நம்பரையும் ஃபீடர் பெயரையும் உன் காதால் கேள். யார் அவசரப்படுத்தினாலும், மேலதிகாரியே ஆனாலும், எர்த் போடாமல் கையை நீட்டாதே. ஏற மறுத்ததற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் திட்டு எனக்கு இன்று வலிக்கவில்லை.

கும்பகோணத்துப் பெண்

தம்பி, ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள். கான்ட்ராக்டில் சேர்ந்தால் சைட்டில் தேதியோடு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவை.

டெல்டாக்காரன் (பட்டுக்கோட்டை)

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் எங்கள் ஊருக்கு ரெண்டு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். சாய்ந்த கம்பம், தாழ்ந்த கம்பி, லைனைத் தொடுகிற மட்டை எல்லாவற்றையும் பட்டியல் போட்டு மழைக்கு முன்பே பிரிவு அலுவலகத்தில் கொடுப்பது ஒன்று. தெருவுக்குக் குறுக்கே போகிற வீட்டு லைன் தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் வைக்கோல் வண்டி போனால் குனிந்து போகிற இடம் ரெண்டு இருக்கிறது. இன்னொன்று ஜெனரேட்டர் வைத்திருக்கிற அத்தனை பேரும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட வேண்டும் என்பது. மண்டபம், ரைஸ் மில், பால் சொசைட்டி, பெட்ரோல் பங்க், சில வீடுகள் இருக்கின்றன. மன்னார்குடி அண்ணன் வந்து பார்த்துச் சொன்னால் ஊருக்கு உதவியாக இருக்கும். கூலி பேசிக்கொள்ளலாம்.

ஒயரிங் கடை (மன்னார்குடி)

பார்க்கிறதுக்குக் கூலி வேண்டாம். வருவதற்கு முன்னால் ஒவ்வொரு இடத்திலும் ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ., சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, இப்போது வயர் எங்கே இணைத்திருக்கிறார்கள் என்று எழுதி, போர்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்தால்தான் எத்தனை ஆம்பியர் சுவிட்ச், எத்தனை போல் (சுவிட்ச் எத்தனை வயரைப் பிரிக்க வேண்டும்) என்று சொல்ல முடியும். மண்டபத்தை முதலில் பார்ப்போம், முகூர்த்த நாளில் ஜெனரேட்டர் ஓடாமல் இருக்காது.